மேல்நோக்கிய பார்வை: ‘மாவீரன்’ (2023) திரைப்படத்தில் படக்கதை நாயகனும் நகைச்சுவையும்

ஆய்வுச்சுருக்கம்

மடோன் அஸ்வின் இயக்கத்தில் 2023 சூலை 14 அன்று வெளிவந்த ‘மாவீரன்’, நாளிதழ்ப் படக்கதை ஒன்றின் நாயகன் அதை வரையும் ஓவியனின் காதில் பேசத் தொடங்குவதை மையமாகக் கொண்ட திரைப்படம். இதனை நகைச்சுவை கலந்த வணிகப்படம் என்ற அளவில் கடந்துவிடும் போக்கு உள்ளது. இதன் நகைச்சுவை படக்கதையின் வடிவத்திலிருந்தே பிறக்கிறது என்பதையும், அச்சத்திலிருந்து பெருமிதத்திற்குச் செல்லும் வழியாக அந்நகை அமைகிறது என்பதையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. படம் தன் சொந்தக் கண்டுபிடிப்பை இறுதியில் எவ்வாறு கைநழுவ விடுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாவீரன், படக்கதை, சூப்பர் ஹீரோ, மெய்ப்பாடு, நகை, பெருமிதம், இரும்புக்கை மாயாவி, இராணிப்பேட்டை.

முன்னுரை

அரக்கோணம் சந்திப்பிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோரின் மின்தொடர்வண்டிப் பயணத்தில் நாளிதழ் ஒன்று பல கைகள் மாறுவது நெடுங்காலப் பழக்கம். அரசியல் செய்தி ஒருவரிடமும் விளையாட்டுப் பக்கம் மற்றொருவரிடமும் இருக்க, படக்கதை உள்ள பக்கம் எல்லாரிடமும் சென்று திரும்பும். ‘தினத்தந்தி’யில் 1960 முதல் வெளிவரும் ‘கன்னித்தீவு’ அவ்வாறு வாசிக்கப்பட்ட தொடர். ஒரு நாளைக்குச் சில கட்டங்கள், அவற்றின் இறுதியில் ஓர் ஆபத்து, மறுநாள் வரை காத்திருப்பு. தமிழ் வாசகர் பெரும்பாலோர் படக்கதையை முதன்முதலாகச் சந்தித்தது இவ்வடிவில்தான் எனலாம்.

‘மாவீரன்’ திரைப்படத்தின் நாயகன் சத்யா (சிவகார்த்திகேயன்) இத்தகைய தொடரொன்றை வரையும் ஓவியன். அவன் வரையும் வீரன் அஞ்சாதவன். வரைபவனோ எதற்கும் அஞ்சுபவன். இம்முரணே படத்தின் முதல் நகைச்சுவை. முதல் வினாவும் இதுவே. வீரத்தைக் கற்பனை செய்பவனுக்கு வீரனாக வாழும் கடமை உண்டா? இவ்வினாவை முன்வைத்து, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு மூலையான அரக்கோணத்திலிருந்து இப்படத்தை வாசிக்க இக்கட்டுரை முனைகிறது. வாசிக்கும் இடம் பொருளை மாற்றும் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

1. தமிழில் படக்கதை நாயகர்

மேலைநாடுகளில் புகழ்குன்றிய நாயகர் சிலர் தமிழில் பெரும்புகழ் பெற்றனர். பிரித்தானிய ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் தோன்றிய ‘தி ஸ்டீல் கிளா’ தொடரின் லூயிஸ் கிராண்டேல், வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் உடலில் பாயும்போது இரும்புக்கை ஒன்றைத் தவிர மற்றவை கண்ணுக்குத் தெரியாமல் மறையும். 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் இதழிலேயே இவனை ‘இரும்புக்கை மாயாவி’ எனத் தமிழுக்குக் கொணர்ந்தது. சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த இவ்விதழ்களும், 1984இல் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ ஆகியனவும் ஒரு தலைமுறையின் வாசிப்பை உருவாக்கின. தன் நாட்டில் அரிதாகவே நினைவுகூரப்படும் ஒருவன் இங்கு வீட்டுப்பெயராக நிலைத்தான்.

இந்நாயகர்களின் தமிழ்வாழ்வு மொழிபெயர்ப்பு வாழ்வு. கட்டத்தினுள் இருக்கும் உருவம் அயலாருடையது. கட்டத்தின் மேல்விளிம்பில் உள்ள பெட்டியில் பேசும் கதைசொல்லியின் குரலோ முழுக்கத் தமிழ். ‘இதற்கிடையில்’, ‘அதே நேரத்தில்’, ‘மறுநாள் அதிகாலை’ எனத் தொடங்கும் அச்சொற்கள் ஏடறிந்த நடையில், சற்றே உயர்த்திய தொனியில் அமைந்தவை. படம் புரியாத சிறுவனுக்கும் அக்குரல் கதையை எடுத்துச்சென்றது. ஆகவே தமிழ் வாசகரின் நினைவில் படக்கதை என்பது பார்க்கப்பட்ட ஒன்றாக இருப்பதோடு கேட்கப்பட்ட ஒன்றாகவும் இருக்கிறது. ‘மாவீரன்’ பற்றிக்கொள்வது இந்த நினைவை.

2. திரையில் தயங்கிய முகமூடி

இவ்வளவு வாசகர் இருந்தும் படக்கதை நாயகன் தமிழ்த்திரையில் எளிதாக நிலைபெறவில்லை. இரும்புக்கை மாயாவியைத் திரைக்குக் கொணரும் முயற்சிகள் பலமுறை பேசப்பட்டும் கைகூடவில்லை. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) மீத்திறன் நாயகனை முழு முனைப்போடு அணுகியது. பரவலான வரவேற்பைப் பெறவில்லை. பி. எஸ். மித்ரனின் ‘ஹீரோ’ (2019) சிவகார்த்திகேயனுக்கே முகமூடி அணிவித்துக் கல்விச் சிக்கலைப் பேசியது. அங்கும் முகமூடி கதைக்குள் இயல்பாகப் பொருந்தவில்லை.

இதற்கான காரணத்தைத் தமிழ் வணிகப்படத்தின் அமைப்பில்தான் தேட வேண்டும். நம் நட்சத்திர நாயகன் ஏற்கெனவே மீத்திறன் உடையவன். அவன் ஒருவனாக நின்று நூற்றுவரை வீழ்த்துவதற்கு அறிவியல் விபத்தோ வேற்றுக்கோளோ காரணமாகக் காட்டப்பட வேண்டியதில்லை. நட்சத்திரமாக இருப்பதே போதிய காரணம். எம்.ஜி.ஆரின் திரைப்படிமம் அடித்தள மக்களின் அரசியலோடு பிணைந்த விதத்தை எம். எஸ். எஸ். பாண்டியன் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அப்படிமத்தின் வழிவந்த நாயகனுக்கு முகமூடி மிகை. முகத்தைக் காண வந்த பார்வையாளனிடமிருந்து முகத்தை மறைப்பது முரண்.

‘மாவீரன்’ என்ற தலைப்பே இச்சுமையைத் தாங்கியது. 1986இல் இதே தலைப்பில் ரஜினிகாந்த் நடித்த படம் வெளிவந்துள்ளது. அத்தலைப்பை மீண்டும் எடுத்து, அதைக் கோழை ஒருவனின் மேல் ஏற்றுவதிலிருந்தே 2023ஆம் ஆண்டுப் படத்தின் எள்ளல் தொடங்குகிறது.

உலக அளவிலும் இதற்கு இணை உண்டு. அமெரிக்கப் படக்கதை நாயகருள் அதிகம் அறியப்படாதவர்களைத் திரைக்குக் கொணர்ந்தபோது நகைச்சுவையே வாயிலாக அமைந்தது. ‘ஆன்ட்-மேன்’ (2015) எறும்பளவு சுருங்கும் ஒரு முன்னாள் திருடனின் கதை. நாயகன் மீது பார்வையாளருக்கு முன்பே அமைந்த பக்தி குறைவு. எனவே அவனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை மிகுதி. மலையாளத்தில் பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ (2021) குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரின் தையற்காரனுக்கு மின்னலின் ஆற்றலைக் கொடுத்தது. அங்கும் சிரிப்பு ஊரின் சிறுமையிலிருந்து பிறந்தது. ‘மாவீரன்’ இவ்விரண்டிலிருந்தும் ஓர் அடி விலகுகிறது. இதன் படக்கதை நாயகன் படத்திற்காகவே புனையப்பட்டவன். அவனை எவரும் முன்பு அறியார். அறியப்பட்டவர் நடிகரே. புகழ்பெற்ற உடலுக்குள் புகழற்ற ஒரு நாயகனின் குரல் நுழைகிறது.

3. விவரிப்புப் பெட்டி குரலாதல்

சத்யா தலையில் அடிபட்டு எழுந்தபின் அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அது கட்டளையிடும் தெய்வக்குரல் அன்று. அவன் செய்யவிருப்பதையும் அவனுக்கு நேரவிருப்பதையும் படர்க்கையில் விவரிக்கும் கதைசொல்லியின் குரல். விஜய் சேதுபதி பேசிய அக்குரலின் நடை அன்றாட நடையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. குரல் ‘வீரன்’ எனச் சொல்லும்போது திரையில் நிற்பவன் நடுங்கிக்கொண்டிருக்கிறான். உரை ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது. இப்படத்தின் நகைச்சுவையில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைவது.

இங்குக் கவனிக்கத்தக்க ஒரு சிறு செயல் உண்டு. குரல் கேட்கும் ஒவ்வொரு முறையும் சத்யா தலையுயர்த்தி மேலே பார்க்கிறான். திரையரங்கில் இது சிரிப்பை எழுப்பும் பழக்கமாகவே உணரப்படுகிறது. ஆயின் படக்கதையின் பக்க அமைப்பை எண்ணிப்பார்த்தால் அச்செயலின் பொருத்தம் விளங்கும். விவரிப்புப் பெட்டி பெரும்பாலும் கட்டத்தின் மேல்விளிம்பில்தான் அமையும். கட்டத்தினுள் வாழும் பாத்திரம் அதை ஒருபோதும் காண்பதில்லை. வாசகன் மட்டுமே காண்பான். அந்த விதியைச் சத்யா மீறுகிறான். தன் தலைக்குமேல் எழுதப்படுவதை உணர்ந்துகொண்ட படக்கதைப் பாத்திரமாக அவன் மாறுகிறான். சட்டகத்தையே கட்டமாகக் கொண்டால், அவன் பார்வை செல்லுமிடம் பெட்டி இருக்க வேண்டிய இடமே. ஆடை, முகமூடி, ஆற்றல்மிகு கருவி எதுவுமின்றி ஒரு கழுத்தசைவின் வழியே படக்கதையின் இலக்கணத்தைத் திரைக்குக் கொணர்ந்தது இப்படத்தின் தனிச்சாதனை.

தன் வாழ்வை ஒரு கதைசொல்லி விவரிப்பதைக் கேட்கும் மனிதன் என்னும் கரு ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் ஃபிக்‌ஷன்’ (2006) என்னும் ஆங்கிலப்படத்தில் முன்பே இடம்பெற்றது. இரண்டிற்குமான வேறுபாடு அடிப்படையானது. அங்கு விவரிப்பவர் ஒரு நாவலாசிரியர். கேட்பவன் அவரது பாத்திரம். இங்குக் கேட்பவனே ஆசிரியன். பேசுவது அவன் படைத்த உலகம். ஆங்கிலப்படத்தில் பாத்திரம் ஆசிரியரிடம் உயிர்ப்பிச்சை கேட்கிறது. தமிழ்ப்படத்தில் படைப்பு தன் ஆசிரியனிடம் கணக்குக் கேட்கிறது. தொடக்கத்தில் அவன் வரையும் தொடருக்கு வேறொருவர் பெயர் வாங்குவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் படைப்பின் கீழ்த் தன் பெயரை இட உரிமை கேட்கத் துணியாதவனிடம் அப்படைப்பு உரிமை கொண்டாடுகிறது.

சிவகார்த்திகேயன் தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ நிகழ்ச்சியில் பலகுரல் கலைஞராக அறிமுகமானவர் என்பதும் இங்குப் பொருளுடையது. பிறர் குரல்களைத் தன் வாயில் ஏற்றுச் சிரிக்கவைத்தவர், பிறர் குரல் ஒன்றைத் தன் காதில் ஏற்று நடுங்குபவராக இங்குத் தோன்றுகிறார்.

4. அச்சம், நகை, பெருமிதம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நந்நான்காக வகுக்கிறார். அச்சம் தோன்றும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு ‘இறை’யும் சொல்லப்படுகிறது. ஆள்பவரிடம் தோன்றும் அச்சம் பிறவற்றினின்று வேறுபட்டது. விலங்கிடமிருந்து ஓடலாம், கள்வரிடமிருந்து பொருளை மறைக்கலாம். ஆள்பவரிடமிருந்து ஓடுவதற்கு இடமில்லை. சத்யாவின் அச்சம் இவ்வகையினது. குடிசைப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டு ‘மக்கள் மாளிகை’ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன் குடும்பம் குடியேற்றப்படுகிறது. அக்கட்டடம் தரமற்றது. அதற்குப் பின்னே நிற்பவர் அமைச்சர் ஜெயக்கொடி. ‘முகமூடி’யை இயக்கிய மிஷ்கினே அப்பாத்திரத்தை ஏற்றிருப்பது தற்செயலாயினும் சுவையானது. வாய்திறந்தால் இழப்பு வரும் என அஞ்சும் சத்யா, எதற்கும் ஒத்துப்போவதை வாழ்க்கை நெறியாக்கிக்கொள்கிறான்.

நகைக்குரிய களன்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பெருமிதத்திற்குரியனவற்றுள் தறுகண், இசைமை ஆகியன அடங்கும். இவ்வகைப்பாட்டைப் படத்தோடு பொருத்தினால் அதன் இயக்கம் தெளிவாகும். தொடக்கத்தில் சத்யாவின் படக்கதையில் தறுகண் உண்டு. அது தாளில் உள்ளது. இசைமை உண்டு, அது பிறருக்குச் செல்கிறது. இவ்விரண்டும் இல்லாத உடலே அவனிடம் எஞ்சியிருப்பது. குரல் அவ்வுடலைத் தறுகண் உடையதாக விவரிக்கும்போது, விவரிப்புக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தமின்மை நகையாகிறது. சிறிது சிறிதாக உடல் விவரிப்பை எட்டிப்பிடிக்கிறது. அந்த அளவில் நகை குறைகிறது. குரலின் துணை இல்லாத கட்டத்தில் அவன் தானே ஓர் அடி எடுத்துவைக்கும்போது பெருமிதம் பிறக்கிறது.

நகை இங்கு அச்சத்திற்கும் பெருமிதத்திற்கும் இடையிலான பாலம். தமிழ் வணிகப்படத்தில் நகைச்சுவை பொதுவாக நாயகனின் அருகில் நிற்கும் துணைநடிகருக்கு ஒதுக்கப்பட்ட தனிப்பகுதி. அஞ்சுவதும் அடிவாங்குவதும் அவர் பணி. அஞ்சாமை நாயகன் பணி. ‘மாவீரன்’ இவ்விரு பணிகளையும் ஓருடலில் வைக்கிறது. சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) வடிவேலுவை இரட்டை வேடத்தில் காட்டிக் கோழை அரசனையும் வீரனான உடன்பிறப்பையும் இரு உடல்களாகப் பிரித்தது. கேலிச்சித்திரத் துறையிலிருந்து வந்த இயக்குநரின் அத்தீர்வு தெளிவானது. மடோன் அஸ்வின் அதே முரணைப் பிரிக்காமல் ஒருவனுக்குள் விட்டுவைத்தார். அவரது முதற்படமான ‘மண்டேலா’ (2021) ஒரே வாக்கை வைத்திருக்கும் முடிதிருத்துநர் ஒருவரின் வழியே ஊர்த்தேர்தலை எள்ளியது. வலிமையற்றவன் கையில் எதிர்பாராமல் ஒரு வலிமை வந்து விழுவதே இரு படங்களுக்கும் பொதுவான கரு.

5. விழப்போவதை முன்னுரைக்கும் குரல்

சத்யாவுக்குக் கிடைத்த ஆற்றல் எது என்னும் வினாவுக்கு விமரிசனங்கள் பெரும்பாலும் ‘குரல்’ என்றே விடை கூறி நின்றன. குரல் என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அது வரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டியே சொல்கிறது. பறக்கும் ஆற்றலோ மறையும் ஆற்றலோ அவனுக்குத் தரப்படவில்லை. தரப்பட்டது எச்சரிக்கை ஒன்றே.

படம் வெளிவருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 2021 ஆகத்தில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் பகுதியின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்ட அளவில் உதிர்ந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது, சட்டமன்றத்திலும் பேசப்பட்டது. விரிசலிட்ட சுவர்களைக் காட்டும் படத்தின் காட்சிகள் பார்வையாளருக்கு அந்நிகழ்வை நினைவூட்டியதில் வியப்பில்லை. சென்னைப் பார்வையாளருக்கு அது வீட்டுவசதிச் சிக்கல்.

இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு வேறொரு சுவர் நினைவுக்கு வரும். 2015 சனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொதுநிலையத்தில், கழிவுச்சேறு தேக்கப்பட்டிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் சிக்கி உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் நினைவில் அந்த விடியல் ஆறாத புண்.

இந்நினைவோடு ‘மாவீரன்’ படத்தைக் காணும்போது அதன் ‘இலகுத்தன்மை’ வேறு எடை பெறுகிறது. சுவர் விழுவதற்குச் சிறிது முன்பு உறங்குபவன் காதில் யாரேனும் ஒருவர் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எவ்வித அறிவியல் புனைவும் தேவைப்படாத, மிகச்சிறிய இந்த விருப்பத்தையே படம் மீத்திறனாக உருமாற்றியிருக்கிறது. அடித்தள மக்களின் கற்பனையில் மாவீரம் என்பது வில்லனை வீழ்த்துவதற்கு முன்னர், உரிய நேரத்தில் கிடைக்கும் ஒரு சொல்லாக இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளரோடு வேலைக்குப் போட்டியிடும் கட்டடத் தொழிலாளியாக யோகிபாபு ஏற்ற குமார் பாத்திரத்தின் நகைச்சுவையும் இவ்வட்டாரத்தில் முழுச்சிரிப்பாக எழுவதில்லை. சுவருக்கடியில் உறங்கியவர்களும் அவ்வாறு வந்தவர்களே என்னும் நினைவு சிரிப்பைப் பாதியில் நிறுத்துகிறது. இதைப் படத்தின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. வாசிக்கும் இடம் சேர்க்கும் பொருள் என்றே கொள்ளலாம்.

6. படம் நழுவும் இடம்

எச்சரிக்கையே ஆற்றல் எனக் கண்டுகொண்ட படம், அதன் இயல்பான முடிவை நோக்கிச் செல்லவில்லை. எச்சரிக்கை ஒருவன் காதோடு நின்றால் பயனில்லை. அது பலர் வாயில் பரவ வேண்டும். கட்டடம் தரமற்றது என்பதைக் குரலின் உதவியின்றியே அறிந்தவர் ஒருவர் படத்தில் இருக்கிறார். அவர் சத்யாவின் தாய் ஈஸ்வரி (சரிதா). தொடக்கம் முதலே அவர் கேள்வி கேட்கிறார், சண்டையிடுகிறார். அவரது தறுகண்ணுக்கு அடிபட்ட தலையோ அசரீரியோ காரணமாகத் தேவைப்படவில்லை. நியாயப்படி இப்படத்தின் மாவீரர் அவரே. திரைக்கதை அவரது வீரத்தை மகனின் கோழைத்தனத்தைக் காட்டும் கண்ணாடியாகப் பயன்படுத்திக்கொண்டு, இறுதிப்பகுதியில் காப்பாற்றப்படும் கூட்டத்தோடு அவரைச் சேர்த்துவிடுகிறது.

இறுதிக்காட்சியில் கட்டடம் சரிகிறது; மக்கள் வெளியேற்றப்படுகின்றனர்; ஒருவன் அவர்களைக் காக்கிறான். அதுவரை விவரிப்புக்கும் உடலுக்கும் இடையில் நிலவிய இடைவெளி இங்கு முற்றிலும் மூடப்படுகிறது. குரல் சொன்ன வீரன் உண்மையாகவே தோன்றிவிட்டான். எனவே நகை அகன்று, வழக்கமான நட்சத்திரப்படத்தின் பெருமிதம் இடம்பிடிக்கிறது. படக்கதையைப் பற்றி ஸ்காட் மெக்லவுட் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ (1993) நூலில் கூறும் ஒரு கருத்து இங்கு உதவும். கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை வாசகன் தன் கற்பனையால் நிரப்புகிறான். படக்கதை உயிர்பெறுவது அவ்வெற்றிடத்தில் என்பது அவர் கருத்து. ‘மாவீரன்’ தன் முற்பகுதியில் பார்வையாளனுக்கு விட்டுவைத்த வெற்றிடத்தை இறுதியில் தானே நிரப்பிவிடுகிறது. மக்கள் தாமாக எழுந்து வெளியேறும் காட்சி ஒன்று அவ்வெற்றிடத்தில் பிறந்திருக்கக்கூடும்.

இக்குறையைப் படைப்பாளியின் திறமைக்குறைவாக மட்டும் காண இயலாது. இரண்டாம் பகுதியில் சுட்டிய நட்சத்திர அமைப்பின் ஈர்ப்பு அத்தகையது. முகமூடியைத் தவிர்த்துத் தப்பிய படம், முகத்திடம் அகப்பட்டுக்கொண்டது.

முடிவுரை

‘மாவீரன்’ படக்கதையின் ஆடையணிகளை விட்டுவிட்டு அதன் விவரிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டது. தமிழ் வாசகரின் நினைவில் படக்கதை ஒரு குரலாகவே நிலைத்திருப்பதால் அத்தேர்வு பொருந்தியது. சொல்லுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியில் நகையைப் பிறப்பித்து, அந்நகையின் வழியே ஆள்பவரிடம் கொண்ட அச்சத்தைக் கடக்க முயன்றது. அறியப்படாத படக்கதை நாயகனைத் தமிழ்த்திரைக்குக் கொணர்வதற்கு முகமூடியைவிட நகைச்சுவை ஏற்றது என்பதற்கு இப்படம் நல்ல சான்று.

இறுதியில் ஒருவனை வீரனாக்கிப் பலரைப் பயனாளிகளாக்கியது அதன் வரம்பு. ஆயினும் தலைக்குமேல் நிற்கும் சுவரைத் தலையுயர்த்திப் பார்க்க அஞ்சும் ஒருவனை, மீண்டும் மீண்டும் மேலே பார்க்கச்செய்த படம் இது. அவன் மேலே பார்க்கும்போதெல்லாம் அரங்கம் சிரிக்கிறது. இராணிப்பேட்டையின் அந்த அதிகாலையை அறிந்தவர்கள் சிரித்தபடியே அவனோடு சேர்ந்து மேலே பார்க்கிறார்கள்.